ராஸ் துப்பாக்கி: ஒரு பழுதைத் தேடிய கதை

1915 ஏப்ரல் 24 அதிகாலை நான்கு மணிக்கு, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு வடகிழக்கே பதுங்குகுழிகளில் இருந்த கனடியக் காலாட்படையினர்மேல் குளோரின் வாயு வந்து கவிந்தது. இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் அதே வாயு பக்கத்திலிருந்த பிரெஞ்சு அணிகளைச் சிதறடித்திருந்தது. முகமூடிகள் வந்திராத நேரம். சிறுநீரில் நனைத்த துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றவர்கள், வாயுவின் பின்னால் நடந்துவந்த ஜெர்மானியரை நோக்கிச் சுட ஆரம்பித்தார்கள். சில சுற்றுகள் சுட்டதும் பலருடைய துப்பாக்கிகள் திறக்க மறுத்தன. வெடித்த தோட்டாவின் பித்தளை உறை குழலுக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி அதன் கைப்பிடியைப் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். அப்படியும் முடியாதவர்கள், பக்கத்தில் விழுந்துகிடந்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். சண்டை ஓய்ந்து கணக்கெடுத்தபோது, உயிரோடு மிஞ்சிய ஏறத்தாழ 5,000 கனடியக் காலாட்படையினரில் 1,452 பேர் தங்களுக்கு அரசாங்கம் கொடுத்த துப்பாக்கியை எறிந்துவிட்டு வேறொன்றை வைத்திருந்தார்கள்.

எறியப்பட்ட துப்பாக்கியின் பெயர் ராஸ். அது அவசரத்தில் கட்டிய மட்டமான சரக்கு அல்ல. அந்தக் காலத்தில் உலகிலேயே மிகத் துல்லியமாகச் சுடக்கூடிய ராணுவத் துப்பாக்கிகளுள் ஒன்று என்று நிபுணர்கள் ஒப்புக்கொண்டது. அத்தகைய ஒன்று ஏன் சிக்கியது என்பதைக் கண்டறிய ஒரு ராணுவத்துக்கும் இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. அதிலும், கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒருமுறை நினைத்துச் சரிசெய்த பிறகும் சிக்கல் தொடர்ந்தது. போர்க்கதையாக இதைப் பலர் எழுதிவிட்டார்கள். நம்முடைய ஆர்வம் அந்தச் சிக்கலைத் தேடியவர்கள் எங்கே தேடினார்கள், எங்கே தேடாமல் விட்டார்கள் என்பதில்தான்.

அதற்கு முதலில் துப்பாக்கிக் குழலின் பின்முனையைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். குழல் நெடுகிலும் ஒரே அளவுள்ள துளை அல்ல. பின்முனையில் தோட்டா உட்காருவதற்கென்று, தோட்டாவின் வடிவத்திலேயே, சற்று அகலமான ஒரு குழி குடையப்பட்டிருக்கும். அதைத் தோட்டா அறை என்போம். விசையை இழுத்தவுடன் உறைக்குள் இருக்கும் மருந்து எரிந்து, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 18 டன் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த ஒரு கணத்தில் பித்தளை உறை உப்பி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ளவும் வேண்டும், இல்லையென்றால் வாயு பின்னோக்கிப் பீறிட்டுச் சுடுபவனின் முகத்தில் அடிக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் பித்தளை மீண்டும் கொஞ்சம் சுருங்குகிறது. இந்தச் 'கொஞ்சம்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தச் சுருக்கத்தால் கிடைக்கும் நூலிழை இடைவெளிதான் காலி உறையை வெளியே இழுக்க இடம் தருகிறது.

அறை மிகவும் தளர்வாக இருந்தால் உறை அளவுக்கு மீறி உப்பும், சில சமயம் கிழியும். தோட்டா கோணலாக உட்கார்ந்து குறியும் தவறும். மிகவும் இறுக்கமாக இருந்தால், சற்றே பெரிய தோட்டாவோ கொஞ்சம் சேறோ குழலின் சூடோ சேர்ந்தவுடன் உறை சிக்கிக்கொள்ளும். பித்தளை பதமாக இல்லாமல் மிருதுவாக இருந்தாலும் அது போதுமான அளவு சுருங்காது. இவை எல்லாமே அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு என்ற கணக்கில் நடக்கும் காரியங்கள். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு.

இந்த அறையைக் குடையும் கருவிக்கு ரீமர் என்று பெயர். லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் கரடாக ஒன்று, கடைசியில் மெருகாக ஒன்று என்று படிப்படியாக உள்ளே செலுத்துவார்கள். ரீமர் மழுங்கும். மழுங்கியதைச் சாணை பிடித்தால் அதன் விட்டம் இம்மியளவு குறையும். ஆகவே, புது ரீமரால் குடைந்த அறையும், பலமுறை சாணை பிடித்த அதே ரீமரால் குடைந்த அறையும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே வரைபடத்தை வைத்துச் செய்த இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று சிக்குவதும் ஒன்று சிக்காதிருப்பதும் இதனால் நேரக்கூடும். மழுங்கிய கருவியோ இரும்புச் சீவலோ சுவரில் வளையமாகக் கோடு போட்டுவிட்டால், உறை அந்தக் கோட்டுக்குள் உப்பிப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கிக் கொல்லர்கள் பழுதைத் தேடும்போது முதலில் கையில் எடுப்பது துப்பாக்கியை அல்ல, அதிலிருந்து வெளிவந்த காலி உறையைத்தான். அறையின் சுவரில் என்ன இருக்கிறதோ அது முழுவதையும் பித்தளை தன் உடம்பில் அச்சாக வாங்கிக்கொண்டு வந்திருக்கும்.

இனி ராஸின் வரலாற்றுக்கு வருவோம். தென்னாப்பிரிக்கப் போரின்போது, 1900 வாக்கில், கனடா பிரிட்டனிடம் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிகள் கேட்டது. தன் சொந்தப் படைக்கே பற்றாமல் இருந்த பிரிட்டன் கையை விரித்தது. கனடாவிலேயே ஒரு தொழிற்சாலை தொடங்கும்படி ஆங்கிலேய நிறுவனத்தைக் கேட்டதற்கும் பலனில்லை. அந்தச் சமயத்தில் சர் சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு, நான் செய்து தருகிறேன் என்று முன்வந்தார். பெரும் நிலக்கிழார், இருபது வயதைத் தாண்டியவுடனேயே துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கியவர். க்யூபெக் நகரில், 1759இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கனடாவைப் பறித்த சண்டை நடந்த அதே ஆபிரகாம் சமவெளியில், அவருடைய தொழிற்சாலை எழுந்தது. 1905இல் முதல் துப்பாக்கிகள் குதிரைப்படைப் போலீசாரிடம் போயின. பல குறைகள் கண்டு அவர்கள் பழைய துப்பாக்கிகளுக்கே திரும்பிவிட்டார்கள். ராஸ் மாற்றினார், மறுபடியும் மாற்றினார். 1910இல் மூன்றாம் வகை என்று அழைக்கப்பட்ட வடிவம் வந்தது. ஈப்ரில் சிக்கியது இதுதான்.

இதன் சிறப்பம்சம் நேர்இழுப்பு முறை. நம் ஊர்ப் போலீசார் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்து, நாம் 'த்ரீ நாட் த்ரீ' என்று அழைத்துவந்த லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் கைப்பிடியை மேலே திருகிப் பிறகு பின்னால் இழுக்க வேண்டும். ராஸில் திருக வேண்டியதில்லை. நேராகப் பின்னால் இழுத்தால் போதும். உள்ளே இருக்கும் சுருள் வரிப்பள்ளங்கள் போல்ட்டின் தலையைத் தாமே சுழற்றிப் பூட்டைத் திறந்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் லீ-என்ஃபீல்டின் அந்தத் திருகலுக்கு ஒரு காரணம் உண்டு. திருகும்போது கைப்பிடி நெம்புகோலாகச் செயல்பட்டு, ஒட்டிக்கொண்ட உறையை முதல் இம்மியளவுக்குப் பெயர்த்துக் கொடுக்கிறது. மூடி இறுகிய ஜாடியை இழுத்துத் திறப்பதற்கும் திருகித் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். ராஸில் அந்த முதல் நெம்பு மிகக் குறைவு. ஆகவே உறை சுலபமாகக் கழன்று வரும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட துப்பாக்கி அது. (நேர்இழுப்பு முறையே தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. ஆஸ்திரியாவின் மான்லிகர் துப்பாக்கியும் அதே முறைதான். போர் முழுவதும் அது தாக்குப்பிடித்தது.)

சரி, உறை சுலபமாகக் கழல அறை கொஞ்சம் தாராளமாக அல்லவா இருக்க வேண்டும்? ராஸ் அதற்கு நேர்மாறாகச் செய்தார். தோட்டா அசையாமல் உட்கார்ந்தால் குறி தப்பாது என்பதால் அறையை இறுக்கமாகக் குடைந்தார். கனடாவின் அரசுத் தோட்டா ஆலையான டொமினியன் ஆர்சினல் அதே க்யூபெக் நகரில் இருந்தது. அங்கே தயாரான தோட்டாக்கள் அளவு பிசகாதவை. அந்தத் தோட்டாவும் இந்த அறையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தின. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிகளில் 1911இலும் 1913இலும் மன்னர் பரிசை வென்ற கனடியர்கள் ராஸ் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். ராணுவ அமைச்சராக இருந்த சாம் ஹியூஸுக்கு அது போதுமானதாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் போயர் விவசாயிகளின் குறிபார்ப்பைக் கண்டு வந்தவர் அவர். ஒவ்வொரு சிப்பாயும் ஒரு வேடன் என்பது அவருடைய போர்த் தத்துவம்.

பிரிட்டன் வேறு வழியில் போயிருந்தது. பாலைவனமும் புழுதியும் கண்ட ராணுவம் அது. 1885இல் சூடானில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் உறை சிக்கி நின்றதில் ஆட்களை இழந்த அனுபவம் அதற்கு இருந்தது. லீ-என்ஃபீல்டின் அறை தாராளமாகக் குடையப்பட்டிருந்தது. போட்டி மைதானத்தில் அது ஒரு குறை. ஆனால் போர் தொடங்கியதும் அந்தத் தாராளம் இன்னொரு வகையில் உதவியது. கோடிக்கணக்கில் தோட்டாக்கள் தேவைப்பட்டன. புதிய ஒப்பந்தக்காரர்கள் பலர் அவசரமாகச் செய்து கொடுத்தார்கள். அளவு கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் லீ-என்ஃபீல்ட் விழுங்கிக்கொண்டது. ஒருவகையில் சொன்னால், அந்தத் துப்பாக்கியின் பெருந்தன்மையால்தான் அந்தத் தோட்டாக்களின் குறை யாருக்கும் தெரியாமல் இருந்தது.

கனடியர்கள் பிரான்சுக்கு வந்தபோது அவர்களுக்கும் அதே பிரிட்டிஷ் தோட்டாக்கள்தாம் பெருமளவில் வழங்கப்பட்டன. பெயரளவில் இரண்டும் ஒரே தோட்டா, 303. காகிதத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. கிடங்கில் பெட்டி அடுக்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஏப்ரல் 26 அன்று கனடியர்களுக்கு உதவியாக அதே ஈப்ர் முனையில் வாயுவுக்குள் இறங்கித் தாக்கிய இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷன் சிப்பாய்களுக்கும் அதே 303தான். அவர்கள் கையில் இருந்தது லீ-என்ஃபீல்ட். அன்று ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

ஈப்ருக்குப் பிறகு பிரிட்டிஷ் தலைமைத் தளபதி சர் ஜான் ஃபிரெஞ்ச் சோதனைக்கு உத்தரவிட்டார். மே மாத இறுதியில் இரண்டு வகைத் துப்பாக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். முடிவு தெளிவாக இருந்தது. கனடியத் தோட்டாவைக் கொடுத்தால் ராஸ் வெண்ணெயாக வேலை செய்தது. பிரிட்டிஷ் தோட்டாவைக் கொடுத்தால் சிக்கியது. டொமினியன் ஆர்சினல் தோட்டா எல்லோருக்கும் போதுமான அளவில் கிடையாது. ஆட்களுக்கும் துப்பாக்கியின்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஜூன் 13 அன்று கனடிய முதல் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்ட் கொடுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து அவர்கள் ஜிவான்ஷியில் தாக்குதலுக்குப் போனார்கள்.

இந்தச் சோதனையை நாம் குறை சொல்ல மாட்டோம். கையிலிருந்த நேரத்தில் அது சரியான கேள்வியைக் கேட்டு, சரியான பதிலைப் பெற்றது. கோளாறு அதற்குப் பிறகுதான் வந்தது. பதில் கிடைத்துவிட்டது என்பதால் கேள்வியையே மூடிவைத்துவிட்டார்கள். அறை இறுக்கம், ஆகவே அறையை அகலப்படுத்துவோம். பட்டறைகளில் ரீமரை உள்ளே விட்டு அறைகளைச் சில ஆயிரத்தில் பங்கு பெரிதாக்கினார்கள். பெரிதாக்கப்பட்ட குழல்கள் சிலவற்றில் 'எல்.சி.' என்று முத்திரை குத்தினார்கள். பெரிய அறை என்பதன் சுருக்கம். 1915 செப்டம்பரில் பிரான்சுக்கு வந்த இரண்டாம் டிவிஷனும், ஆண்டு இறுதியில் உருவான மூன்றாம் டிவிஷனும் அகலப்படுத்திய ராஸ் துப்பாக்கிகளோடுதான் பதுங்குகுழிக்குப் போயின.

அவையும் சிக்கின.

இங்கிருந்து இக்கதை பட்டறையை விட்டு அரசியலுக்குள் நுழைந்துவிடுகிறது. கனடியப் படைக்குத் தலைமை வகித்த ஆங்கிலேயத் தளபதி ஆல்டர்சன் 1916 பிப்ரவரியில் ராஸின் குறைகளை வரிசைப்படுத்தி ஒட்டாவாவுக்கு எழுதினார். அமைச்சர் ஹியூஸ் மார்ச் 7 தேதியிட்டு அதற்கு ஒரு கடுமையான பதில் எழுதினார். தளபதிக்குத் துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாது, பழி முழுவதும் மட்டமான பிரிட்டிஷ் தோட்டாவையே சேரும் என்பது அதன் சாரம். அதோடு நிற்கவில்லை. அந்தப் பதிலின் நகல் 281 பேருக்கு அனுப்பப்பட்டது. பெற்றவர்களில் ஆல்டர்சனின் கீழ் பணியாற்றிய பட்டாலியன் தலைவர்களும் அடக்கம். ஒரு தளபதியை அவருடைய ஆட்களின் முன்னாலேயே அமைச்சர் மட்டந்தட்டிய நிகழ்ச்சி வேறு எந்தப் படையிலாவது நடந்திருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே.

ஹியூஸ் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை என்பதுதான் இதில் சங்கடமான விஷயம். பிரிட்டிஷ் தோட்டா அளவில் தளர்ந்திருந்தது மெய்தான். ஆல்டர்சன் சொன்னதும் மெய். துப்பாக்கி கனம், 50 அங்குலத்துக்கு மேல் நீளம், பதுங்குகுழியின் மூலையில் திரும்ப முடியாது, சேறு புகுந்தால் நின்றுவிடும். சிப்பாய்க்குப் பழக்கம் போதாது என்று ராஸின் ஆதரவாளர்கள் சொன்னதிலும்கூட ஒரு துளி இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் தாம் கண்ட காரணத்தை மட்டுமே காரணம் என்றார்கள். அறையைக் குற்றம் சொன்னவர்கள் அறையை அளந்தார்கள். தோட்டாவைக் குற்றம் சொன்னவர்கள் தோட்டாவை அளந்தார்கள். அறை அகலமான பிறகும், சில துப்பாக்கிகள் நாட்பட நாட்பட மோசமாகிக்கொண்டே போவது ஏன் என்ற கேள்வி நடுவில் கேட்பாரின்றிக் கிடந்தது. அறையின் அளவு நாட்பட மாறுவதில்லை. அப்படியானால் மாறுவது எது?

விடை குழலில் இல்லை, போல்ட்டில் இருந்தது. மூன்றாம் வகை ராஸில் போல்ட்டின் தலையில் பூட்டுப் பற்கள் திருகாணி மரைபோல வரிவரியாக வெட்டப்பட்டிருந்தன. பீரங்கிகளின் பின்கதவைப் பூட்டும் முறை அது. மிகவும் பலமான பூட்டு. போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அது முழுதாகக் கழன்று கையோடு வந்துவிடாமல் இருக்க இடப்பக்கத்தில் ஒரு சிறிய தடுப்பு உண்டு. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் இடப்பக்கப் பற்களின் கடைசி வரி போய் அந்தத் தடுப்பில் மோதும். தடுப்பு சிறியது, படும் இடம் குறுகியது. ஆகவே அடி முழுவதும் மெல்லிய ஒரே ஒரு மரையின் விளிம்பில் விழும். போட்டி மைதானத்தில் நிதானமாக இழுக்கிறவனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பகைவன் ஐம்பது கஜத்தில் வரும்போது இழுக்கிறவனின் இழுப்பு வேறு. சில போல்ட்டுகளின் எஃகு போதுமான அளவு கடினப்படுத்தப்படாமலும் இருந்தது. அடிபட்டு அடிபட்டு அந்தக் கடைசி மரை நசுங்கிப் பிசிறு தட்டியது. நசுங்கிய மரை துப்பாக்கி உடலில் தனக்குரிய பள்ளத்தில் சரியாக நுழையாது. தள்ளி மூடுவதும் கஷ்டம், இழுத்துத் திறப்பதும் கஷ்டம்.

வெளியே தெரியும் அறிகுறி, அறை இறுகினாலும் இதுதான், மரை நசுங்கினாலும் இதுதான்: போல்ட் திறக்கவில்லை. காய்ச்சல் ஒன்று, காரணம் இரண்டு. அதைவிடக் கொடுமை, ஒன்று மற்றொன்றை வளர்த்தது. இறுகிய அறையால் உறை சிக்கியது. சிக்கியதால் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். மிதித்ததில் போல்ட் பாய்ந்து தடுப்பில் மோதி மரை நசுங்கியது. நசுங்கியதால் அடுத்த முறை இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 24 காலை உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வைத்தியமே துப்பாக்கியின் இரண்டாவது நோயாகிவிட்டது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமானதா என்றால், இல்லை. தோட்டா எதுவும் போடாமல் வெறும் போல்ட்டை மட்டும் இழுத்துத் தள்ளிப் பார்த்தால் போதும். வெறுமையாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடி, சுட்ட பிறகு மட்டும் இறுகினால் அறையையோ தோட்டாவையோ சந்தேகிக்கலாம். வெறுமையாக இருக்கும்போதே முரண்டு பிடித்தால் போல்ட்டைக் கழற்றிப் பல்லைப் பார்க்க வேண்டும். ஒரு நல்ல கொல்லர் கால் மணி நேரத்தில் செய்யும் காரியம். ஆனால் பதுங்குகுழியில் இருப்பவன் கொல்லன் அல்ல, அவனுக்குக் கால் மணி நேரமும் இல்லை. நேரமும் கொல்லர்களும் இருந்த இடங்களில், துப்பாக்கியில் பழுது என்பதை ஒப்புக்கொள்வதே தேசத்துரோகம்போலப் பார்க்கப்பட்டது. பின்னர் அகலமான தடுப்பு ஒன்றைச் செய்து பொருத்தினார்கள். போல்ட் தலைகளைக் கடினப்படுத்துவதிலும் கவனம் செலுத்தினார்கள். அதெல்லாம் நடக்கும்போது காலம் கடந்துவிட்டிருந்தது.

ஃபிரெஞ்சுக்குப் பின் தலைமைத் தளபதியாக வந்த ஹேக், 1916 மே மாதம் கனடியப் பட்டாலியன்களின் கருத்தைக் கேட்டார். பெரும்பாலானோர் லீ-என்ஃபீல்டையே விரும்பினார்கள். மே 28 அன்று எல்லாக் கனடிய டிவிஷன்களுக்கும் துப்பாக்கியை மாற்ற வேண்டுமென்று ஹேக் பரிந்துரைத்தார். அதே நாளில் ஆல்டர்சனிடமிருந்து கனடியப் படையின் தலைமை எடுக்கப்பட்டது என்பது வரலாற்றின் ஒரு கேலி. சொன்னது நடந்தது, சொன்னவர் போனார். செப்டம்பருக்குள் மாற்றம் முடிந்தது. நவம்பரில் ஹியூஸின் பதவியும் பறிபோனது. 1917 மார்ச்சில் அரசாங்கம் க்யூபெக் தொழிற்சாலையைக் கையகப்படுத்தியது. ராஸுக்கு இழப்பீடாகக் கிடைத்தது 20 லட்சம் டாலர். மொத்தம் ஏறத்தாழ 4,20,000 ராணுவத் துப்பாக்கிகள் அந்த ஆலையிலிருந்து வெளிவந்திருந்தன.

அறைக் குடைசலில் நேரும் பிசகு ராஸோடு முடிந்துபோன விஷயம் அல்ல. அதே போரில் 1918இல் அமெரிக்கப் படைக்கென்று பிரான்சில் செய்த ஷோஷா இயந்திரத் துப்பாக்கி அதைவிடப் பரிதாபமானது. பிரெஞ்சுத் தோட்டாவுக்காக வடிவமைத்ததை அமெரிக்கத் தோட்டாவுக்கு மாற்றிச் செய்தபோது அறையை முழுமையாகக் குடையாமல் விட்டுவிட்டார்கள். கொஞ்சம் சுட்டுச் சூடானதும் உறை சிக்கி நின்றது. அங்கே பிழை ஒன்றுதான், இடமும் ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

இந்தக் கதையில் நம்மை அதிகம் யோசிக்கவைக்கும் ஆட்கள் வேறு. படை முழுவதும் ராஸைக் கைவிட்ட பிறகும், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரர்கள் அதை விட மறுத்தார்கள். அவர்கள் நாளைக்குச் சில தோட்டாக்களே சுடுவார்கள். தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தேர்ந்து வைத்துக்கொள்வார்கள். துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் குழந்தையைப்போலச் சேறு படாமல் பார்த்துக்கொள்வார்கள். போல்ட்டை யாரும் மிதிப்பதில்லை. ஒன்டாரியோவின் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பெகமகபோ என்ற வீரரின் கணக்கில் 378 பேர் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர் கையிலும் ராஸ்தான் இருந்தது. ஈப்ரில் எறியப்பட்டதும் அவர் தோளில் சாய்ந்திருந்ததும் ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தவை. ராஸ் அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் துப்பாக்கி செய்தார் என்று தோன்றுகிறது. அதை எல்லோருக்கும் கொடுத்தது அரசாங்கத்தின் முடிவு. வாங்கச் சொல்லி விற்றது அவர்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சர் சார்லஸ் ராஸ் 1942இல் இறந்தார். அப்போது அவருடைய துப்பாக்கிகள் இன்னொரு போரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிரிட்டனின் உள்நாட்டுக் காவல்படைக்கும் கனடாவின் முதியோர் காவல்படைக்கும் கிடங்குகளிலிருந்து தூசு தட்டி அவற்றை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். பிறகு அவை வேட்டைக்காரர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் போய்ச் சேர்ந்தன. இன்று பழைய ராஸ் ஒன்றை வாங்குகிறவருக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் எச்சரிக்கை, அறையைப் பற்றியதே அல்ல. போல்ட்டைக் கழற்றித் தவறாக மாட்டிவிட்டால் பூட்டாமலேயே சுட்டுவிடும், பார்த்துக்கொள் என்பதுதான். இந்த மூன்றாவது குறையையும் பின்னாளில் ஓர் ஆணி அடித்துச் சரிசெய்தார்கள். எல்லாத் துப்பாக்கிகளிலும் அந்த ஆணி இருக்காது.

அடுத்துத்தான் அறை. பிஸ்மத், ஈயம், தகரம், காட்மியம் கலந்த ஓர் உலோகக் கலவை உண்டு. கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே, 88 டிகிரி செல்சியசுக்குள், முழுவதும் உருகிவிடும். குழலை முன்பக்கம் துணியால் அடைத்துவிட்டு அதை உருக்கி அறைக்குள் ஊற்றுகிறார்கள். ஆறியதும் தட்டினால் அறையின் வார்ப்பு கையில் விழும். அது முதலில் சற்றுச் சுருங்கி, ஒரு மணி நேரம் கழித்து அறையின் மெய்யான அளவுக்கு வந்து நிற்கும்; அதற்குப் பிறகும் விட்டால் மெல்ல வீங்கத் தொடங்கும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்து, மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். அளவு சிறியதாக வந்தால் அந்தத் துப்பாக்கி ரீமர் படாமல் தப்பியது, க்யூபெக்கிலிருந்து புறப்பட்ட நிலையிலேயே இருப்பது. பெரியதாக வந்தால், எங்கோ ஒரு ராணுவப் பட்டறையில் யாரோ ஒருவர் அதைக் குணப்படுத்திவிட்டதாக நம்பி முன்வரிசைக்கு அனுப்பியிருக்கிறார். அப்போது அளப்பவர் வார்ப்பைக் கீழே வைத்துவிட்டு, போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து, இடப்பக்கத்துக் கடைசி மரையை நகத்தால் தடவிப் பார்ப்பார்.